‘உண்மைக்கதை’ என்று தொடங்கும் படம்

அன்புள்ள ஐயா,

அண்மையில் ‘ஃபார்கோ’ படத்தைப் பார்த்தேன். தொடக்கத்திலேயே ‘இது உண்மைக்கதை’ என்று எழுத்துகள் வருகின்றன. முடிவில் கொலையாளி பிணத்தை இயந்திரத்துக்குள் தள்ளும்போது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். யாருக்கோ உண்மையிலேயே இப்படி நேர்ந்திருந்தால் என்று பிறகு மனம் கூசியது. இப்படம் நிஜக் குற்றங்களிலிருந்து எடுக்கப்பட்டதா? அப்படியென்றால் நாம் சிரிப்பது சரிதானா? இதே பெயரில் வந்த தொலைக்காட்சித் தொடரும் உண்மைக்கதையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கதை புனைவு, அதற்குள் நிஜத்தின் துணுக்குகள் இரண்டு இருக்கின்றன. சம்பவங்கள் 1987இல் மினசோட்டாவில் நடந்தவை என்றும், உயிர் பிழைத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன என்றும், இறந்தவர்கள்மீதுள்ள மரியாதையால் மற்றவை நடந்தபடியே சொல்லப்படுகின்றன என்றும் படம் அறிவிக்கிறது. ஆனால் படத்தில் வரும் கடத்தலும் அதைத் தொடர்ந்த கொலைகளும் அங்கே நடக்கவில்லை. இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தால், மாந்தர்களும் நிகழ்ச்சிகளும் கற்பனையே என்ற வழக்கமான அறிவிப்பு அங்கே இருக்கும். படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர்களில் ஒன்று அசல் திரைக்கதைக்கானது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

படத்தை எடுத்த கோயன் சகோதரர்களே பின்னாளில் ஒப்புக்கொண்ட துணுக்குகளில் ஒன்று, வாகனங்களின் வரிசை எண்களை வைத்து ஜெனரல் மோட்டார்ஸின் நிதி நிறுவனத்தை ஒருவர் ஏமாற்றியது. கார் விற்பனையாளர் ஜெரி, இல்லாத வண்டிகளைக் காட்டிக் கடன் வாங்கிவிட்டு, படிக்க முடியாத எண்கள் கொண்ட தாளை அனுப்பி, தொலைபேசியில் மழுப்பிக்கொண்டிருக்கும் காட்சிகள் அங்கிருந்து வந்தவை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவை அதுதான். குரலை உயர்த்தாத ஒரு கடன் அதிகாரி, கொலைகாரர்களைவிட ஜெரியை அதிகமாக அச்சுறுத்துகிறார்.

மற்றது உங்களைக் கூசவைத்த அந்த இயந்திரம். 1986இன் இறுதியில் கனெக்டிகட் மாநிலத்தில் விமானப் பணிப்பெண் ஒருவர் காணாமல் போனார். விமானியான அவருடைய கணவர் மரக்கிளைகளை அரைக்கும் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். பனி கொட்டிய இரவில் அது நீர்நிலையோரம் நிற்பதைச் சாலையில் பனி அகற்றும் தொழிலாளி ஒருவர் பார்த்திருந்தார். அவ்விடத்தைச் சலித்துத் தேடியபோது கிடைத்தவை எலும்புச் சில்லுகள், பல்லின் மேலுறை, நகம், ஏராளமான முடி. உடலின் எச்சம் என்று கிடைத்தது மூன்று அவுன்சுக்கும் குறைவு. முழு உடல் இல்லாமலேயே 1989இல் அந்தக் கணவர் குற்றவாளி என்று தீர்ப்பானது.

இனிப் படத்தைப் பாருங்கள். அங்கே அரைபடுபவன் ஒரு கூலிக் குற்றவாளி. அரைப்பவன் அவனுடைய கூட்டாளி. வெள்ளைக் காலுறை அணிந்த பாதம் மேலே நீட்டிக்கொண்டிருக்க, அதை ஒரு விறகுக்கட்டையால் அவன் அழுத்துகிறான். கோயன்கள் எடுத்துக்கொண்டது இயந்திரத்தை மட்டுமே. அந்தப் பெண்ணையோ, அவர் மணவாழ்க்கையையோ, பிள்ளைகளையோ தொடவில்லை. ஆகவே நீங்கள் சிரித்தது அவரைப் பார்த்து அல்ல. உண்மை என்று பொய் சொன்ன இந்தப் படம், உண்மையை உண்மையாகவே எடுத்தாண்ட பல படங்களைவிட இறந்தவர்களுக்குக் குறைவான தீங்கே செய்தது என்பது என் கருத்து. ‘இறந்தவர்கள்மீதுள்ள மரியாதை’ என்ற அந்த வரி மட்டும் கொஞ்சம் கைமீறிய குறும்பு என்று தோன்றுகிறது.

எதிர்ப்பக்கத்துக்கு 2011இல் வந்த ‘பெர்னி’யைப் பார்க்கலாம். டெக்சாஸின் கார்த்தேஜ் என்னும் சிற்றூரில், எல்லோருக்கும் பிரியமான ஈமச்சடங்கு ஊழியர் ஒருவர், 1996இல் பணக்கார விதவையைச் சுட்டுக் கொன்று, உறைபெட்டியில் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தார். உள்ளூர் ஜூரிகள் அவரை விட்டுவிடுவார்கள் என்று அஞ்சி, அரசு வழக்கறிஞரே விசாரணையை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டார். நடந்ததைப் பெருமளவு ஒட்டியே செல்லும் அந்தப் படத்தில் அவ்வூர் மக்களே திரையில் தோன்றி, கொன்றவரைப் புகழ்ந்தும் கொல்லப்பட்டவரைப் பழித்தும் பேசுகிறார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மூதாட்டியின் தரப்பைச் சொல்ல அங்கே ஆளில்லை. படம் கிளப்பிய கவனத்தின் தொடர்ச்சியாக 2014இல் கொலையாளி பிணையில் வெளிவந்தார். 2016இல் மறுவிசாரணை அவரை மீண்டும் சிறைக்கு அனுப்பியது. உங்கள் கூச்சத்துக்கு உரிய படம் இதுதான்.

இரண்டுக்கும் நடுவே, பிரான்சில் பெண்களை ஏமாற்றிக் கொன்று 1922இல் கில்லட்டினில் தலை இழந்த லாந்த்ருவின் கதையைத் தழுவி சாப்ளின் 1947இல் எடுத்த ‘மெஸ்யே வெர்டூ’ இருக்கிறது. பெயரை மாற்றி, நாயகனை வேலையிழந்த வங்கி ஊழியனாக்கி, அவன் வழியே போர் வணிகத்தைக் கேலி செய்தார்.

தொடரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2014இல் தொடங்கிய அதிலும் அதே அறிவிப்பு, ஆண்டை மாற்றிக்கொண்டு வருகிறது, அதுவும் புனைவுதான்.