மழையில் குதிரை ஓட்டினால் ஊரார் திட்டுகிறார்கள், குதிரையும் மிரள்கிறது: என்ன செய்யலாம்?

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தையில் ஆறு வயது மார்வாரி இனப் பெண் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறார். தினமும் காலையில் தோப்பிலிருந்து கிராமத்துத் தார்ச்சாலை வழியாக வாய்க்கால் வரை ஓட்டிப் போய்த் திரும்புவது வழக்கம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இரண்டு பிரச்சினை. டீக்கடையில் நிற்பவர்கள் "வாயில்லா ஜீவனை இப்படி நனைய விட்டு ஓட்டறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். அது போக, பைக்கை ஓரம் கட்டிப் போனை நீட்டுகிறார்கள், பக்கத்தில் வந்து குடை விரிக்கிறார்கள். போன வாரம் அப்படி ஒரு குடையைப் பார்த்துக் குதிரை பக்கவாட்டில் தாவி நடு ரோட்டுக்கே போய்விட்டதாம். மழையில் ஓட்டுவது தப்பா, பார்க்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கேள்வி.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: நனைவதால் மட்டும் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. அதன் ரோமம் மேலிருந்து கீழாகப் படிந்திருக்கும், தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து பெரும்பாலான தண்ணீரை வழித்து இறக்கிவிடும். நீங்களே பார்க்கலாம். அரை மணி நேரம் நல்ல மழையில் நின்ற குதிரையின் பிடரி மயிரைத் தூக்கி, அடியில் கழுத்தை ஒட்டி விரலை விடுங்கள், கதகதவென்று உலர்ந்தே இருக்கும். உள்ளே ஒரு அடுப்பும் எரிகிறது. குதிரை தின்ற வைக்கோலும் புல்லும் பெருங்குடலில் நொதிக்கும்போது சூடு உண்டாகிறது. நல்ல தீனி கிடைக்கிற குதிரைக்கு ஏறத்தாழ 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரை சௌகரியமான வெப்பநிலை. நம் ஐப்பசி மழை அதற்குள்தான் இருக்கிறது. உண்மையில் நம் ஊரில் குதிரை படும் கஷ்டமெல்லாம் வெயிலில்தான். சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகளிலும், 37 டிகிரி தாண்டினால் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று வெயிலுக்குத்தான் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள்.

ஆனால் காற்று சேர்ந்தால் கதை மாறும். உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றும் அதோடு வரும் சாரலும் இருக்கிறதே, அது ஐப்பசியில் கொட்டுகிற மழையை விடக் குதிரைக்குக் குளிரானது. ரோமத்துக்குள் சிக்கியிருக்கும் சூட்டைக் காற்று கலைத்துவிடும், சாரல் மணிக்கணக்கில் ஊறித் தோல் வரை போய்விடும். அப்படிப்பட்ட நாளில் வயதான குதிரை, குட்டி, எலும்பு தெரிகிற குதிரை ஆகியவற்றை வெளியே எடுக்க வேண்டாம். உங்கள் ஆறு வயதுக் குதிரைக்குப் பயமில்லை, ஆனாலும் தொடையிலோ விலாவிலோ நடுக்கம் தெரிந்தால் உடனே திரும்பிவிடுங்கள். மழையில் பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, வாலை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி நிற்பது குதிரையின் இயல்பு. அதைப் பார்த்துத்தான் டீக்கடைக்காரர்கள் "பாவம், சோர்ந்து போச்சு" என்கிறார்கள். நடுங்காமல் அப்படி நின்றால் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

நான் பயப்படுவது தரைக்குத்தான். வழவழப்பான இரும்பு லாடமும் ஈரத் தாரும் சேரவே கூடாது. அதிலும் பல நாள் வெயிலுக்கு அப்புறம் விழும் முதல் மழையில், ரோட்டில் ஊறிக் கிடந்த எண்ணெயும் தூசியும் கலந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் ரோட்டில் இறங்காதீர்கள், நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகு போங்கள். வேகத்தடையில் அடித்திருக்கும் வெள்ளைப் பெயின்ட், சாக்கடை மூடி, வீட்டு வாசல் சிமென்ட் சரிவு எல்லாம் தாரை விட மோசம். தார்ச்சாலையில் ட்ராட் என்கிற மெல்லோட்டம் வேண்டாம், நடைதான். குளம்பு வழுக்கியதும் நம் கை தானாக லகானை இழுக்கும், அதைத்தான் செய்யக் கூடாது. குதிரை கழுத்தையும் தலையையும் ஆட்டித்தான் நிலைக்கு வரும். லகானைத் தளர்த்தி, நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, அதன் போக்கில் விட்டால் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். கால் வைக்கும் வளையமான அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும், விழுந்தால் கால் மாட்டக் கூடாது.

லாடம் அடிப்பவரிடம் டங்ஸ்டன் முனை வைத்த ஆணி கிடைக்குமா என்று கேளுங்கள், ஒவ்வொரு லாடத்திலும் ஒன்றிரண்டு போட்டால் ரோட்டில் பிடிப்பு வரும். கிடைக்காவிட்டால், குளம்பு திடமாக இருக்கிற குதிரைக்கு மழைக்காலம் முழுக்க லாடமே இல்லாமல் விடுவதைப் பற்றி அவரோடு பேசலாம், வெறும் குளம்பு வழவழப்பான இரும்பை விட நன்றாகப் பிடிக்கும். தேங்கிய தண்ணீருக்குள் விடாதீர்கள். குழி எவ்வளவு ஆழம் என்று உங்களுக்கும் தெரியாது, குதிரைக்கும் தெரியாது. அது தயங்கி நின்றால் அடம் என்று நினைத்து உதைக்க வேண்டாம், சுற்றிப் போங்கள்.

இடி கேட்டால் பேச்சே இல்லை, வீடு திரும்ப வேண்டியதுதான். தென்னை மரத்தில் இடி விழுவதைப் பார்த்தவர்தானே நீங்கள், எனவே தோப்புக்குள் ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பலாம்.

சரி, பார்க்கிறவர்கள் விஷயத்துக்கு வருவோம். குதிரை ஏன் மழையில் மட்டும் அதே ஊர்க்காரர்களைப் பார்த்து மிரள்கிறது? மழையில் மனிதன் மனிதனாகத் தெரிவதில்லை. நான் பயிற்சி கொடுத்த ஒரு குதிரை, தினமும் தன் நெற்றியைத் தடவிக் கொடுக்கும் ஒரு பாட்டியைப் பார்த்து ஒருநாள் அப்படியே பின்வாங்கியது. அன்று அவர் உரச் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். தலை கூம்பாகி, தோள் காணாமல் போய், வெள்ளையாக ஏதோ ஒன்று நகர்ந்து வருகிறது, அவ்வளவுதான் குதிரைக்குத் தெரிந்தது. "பாட்டி, பேசிக்கிட்டே வாங்க" என்றேன். "ஏஞ்சாமி, நாந்தான், என்னைத் தெரியலையா?" என்று அவர் சொன்னதும் இரண்டு காதும் முன்னால் திரும்பின, மூச்சு ஒன்று நீளமாக விட்டது, பயம் போய்விட்டது. அன்றிலிருந்து மழையில் எதிரே வருகிற யாராக இருந்தாலும் நான்தான் முதலில் பேச்சுக் கொடுப்பேன். "என்னங்க, சந்தைக்கா?" என்றால் போதும், பதில் சொல்வார்கள், அந்தக் குரல் குதிரைக்கு மனிதன் என்று சொல்லிவிடும்.

குடையும் அதே கதைதான். குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றியுள்ள முழு வட்டத்தையும் பார்க்கும், நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் கீழேயும் மட்டும் தெரியாது. அப்படி அகலமாகப் பார்க்கும் கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒன்று 'படக்' என்று விரிந்தால், யோசிக்காமல் தாவத்தான் செய்யும். விரிந்தே இருக்கிற குடை பெரிய பிரச்சினை இல்லை, விரிகிற கணமும் மூடுகிற கணமும்தான் ஆபத்து. உங்களைக் கண்டதும் மரியாதைக்காகக் குடையைச் சட்டென்று மடக்குவார்கள், அதுவும் மிரட்டும். ஆகவே, இருபது அடிக்கு முன்னாலேயே நின்று, "அண்ணா, குடையை அப்படியே வச்சுக்கங்க, மூட வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அந்த நேரம் குதிரையின் முகத்தைக் குடைப்பக்கமாக லேசாகத் திருப்பி வையுங்கள். கண்ணால் நேராகப் பார்க்கிற பொருளை விட, ஓரத்தில் நழுவுகிற பொருளுக்குத்தான் அது அதிகம் பயப்படும்.

இதற்கு வீட்டிலேயே பழக்கலாம், பழக்கத்தான் வேண்டும். மழையில்லாத நாளில் லாயத்துக்கு வெளியே, பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒருவர் குடையை மெதுவாக விரிக்கட்டும். குதிரை தலையைத் தாழ்த்தி வாயை அசைபோட ஆரம்பித்தால் ஒரு வெல்லத் துண்டு கொடுங்கள். அப்புறம் இன்னும் கிட்டே. கடைசியில் விரித்த குடையைத் தரையில் வைத்து அதுவே வந்து முகர விடுங்கள். அவசரப்படுத்தாமல் ஒன்றிரண்டு வாரம் செய்தால் நல்ல மாற்றம் தெரியும். நீங்கள் போடும் மழைக்கோட்டையும் இதே மாதிரி காட்டிப் பழக்குங்கள், அந்தப் பிளாஸ்டிக் சரசரப்பு முதுகுக்கு மேலிருந்து வந்தால் அதற்குப் பாம்பு மாதிரி. மேலே உட்கார்ந்தபடி கோட்டை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். இரண்டு கையும் சட்டைக்குள் மாட்டியிருக்கும் அந்த நொடியில் குதிரை கிளம்பினால் பிடிக்க ஒன்றுமே இருக்காது. இறங்கிக் கழற்றுங்கள்.

போன் நீட்டுகிறவர்களை விரட்டினால் கூட்டம்தான் கூடும். அகலமான இடமாகப் பார்த்து நீங்களே நின்று, "முன்னாடி நின்னு எடுங்க, பின்னாடி மட்டும் போகாதீங்க, உதைச்சுடும்" என்று சொல்லுங்கள். இடம் காட்டிவிட்டால் முக்கால்வாசிப் பேர் கேட்டு நடப்பார்கள். குழந்தைகள் ஓடி வந்தால் அவர்களில் பெரியவனைப் பார்த்து, "நீ எல்லாரையும் அந்தத் திண்ணைக்கிட்ட நிறுத்து" என்று பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

வண்டிக்காரர்கள் விஷயத்தில் உங்களுக்குச் சட்டத் துணையே உண்டு, நிறையப் பேருக்கு இது தெரியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-வது பிரிவின்படி, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அது மிரண்டு கட்டுக்கடங்காமல் போகும் என்று அஞ்சி நிறுத்தச் சொன்னால், ஓட்டுநர் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அதனால் கூச்சப்படாமல் கையை உயர்த்திக் காட்டுங்கள், போன பிறகு கையாட்டி நன்றியும் சொல்லுங்கள். பிரிட்டனில் குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று 2022-இல் சாலை விதிக் கையேட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் அந்தத் தூரத்தை நம் கைதான் கேட்டு வாங்க வேண்டும். மழைத்தண்ணீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் லாரி ஓட்டுநருக்குக் கருங்குதிரையும் கறுப்புக் கோட்டும் தெரியவே தெரியாது, ஒளிரும் மஞ்சள் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொள்ளுங்கள்.

திட்டுகிற டீக்கடைக்காரர்களிடம் கோபப்படாதீர்கள். அவர்கள் குதிரைக்காகத்தான் பேசுகிறார்கள், அந்த அக்கறை உண்மையானது. வாதம் செய்வதை விட, குதிரை அமைதியாக இருக்கிற நாளில் ஒருவரைக் கூப்பிட்டுப் பிடரிக்கு அடியில் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கதகதப்பு விரலில் பட்டதும் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி உண்மையில் வேறு: வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்கிறீர்கள்? மழையில் குதிரை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். கடைசிப் பத்து நிமிடம் நடையிலேயே வந்து, சேணத்தை இறக்கியதும் கையால் தண்ணீரை வழித்துவிட்டு, உலர்ந்த சாக்கால் முதுகையும் வயிற்றுவார் பட்ட இடத்தையும் நன்றாகத் தேய்த்து விடுங்கள். ஈரத் துணியும் மண்ணும் உராய்ந்த இடத்தில்தான் சேணப்புண் வரும். ஈரக் குதிரை மேல் தார்ப்பாய் போடாதீர்கள், புழுங்கிவிடும். தினமும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு முதுகைத் தடவிப் பாருங்கள். சிறு பொருக்குகள் தட்டுப்பட்டு, கிள்ளினால் பெயின்ட் பிரஷ் மாதிரி முடிக்கற்றையோடு கழன்று வந்தால், அது ஈரத்தால் வரும் பாக்டீரியா தொற்று. அந்தக் குதிரையின் பிரஷ்ஷை வேறொன்றுக்குப் போடாமல், உடம்பை உலர வைத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குளம்பின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது அங்கிருக்கும் முக்கோணச் சதை கறுத்து, அழுகல் வாடை அடித்தால் லாயத் தரை ஈரமாக இருக்கிறது என்று பொருள். மருந்துக்கு முன்னால் தரையைச் சரிசெய்யுங்கள்.

சேணத் தோலை நிழலில் காற்றாட உலர்த்துங்கள், அடுப்புக்கிட்டே வைத்தால் வெடித்துவிடும். முக்கால்வாசி காய்ந்ததும் எண்ணெய் போடலாம். ஈரத்தில் தோல் லகான் கையில் நழுவும், ரப்பர் உறை போட்ட லகான் ஒன்றை இந்த மழைக்குள்ளேயே வாங்கிவிடுங்கள்.