டிரம்ஸ் வாசிக்கும் தம்பியின் படம் எங்கே?

கேள்வி: சின்னச் சின்ன இசைவிழாக்களில் மேடையேறும் குழுக்களை மூன்று வருடமாகப் படம் எடுத்துவருகிறேன். கையில் இருப்பது சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும். பாடகருக்கு நேர் எதிரே, மேடையை ஒட்டி இடம் பிடித்துவிடுவேன். இருந்தும் படங்கள் கலங்கலாக வருகின்றன. ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி புள்ளியாகிறது. சிவப்பு விளக்கு விழுந்தால் முகம் சாயம் பூசியதுபோல் தட்டையாகிவிடுகிறது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவும் 70-200 எஃப்2.8 லென்ஸும் தவணையில் வாங்கினால் இதெல்லாம் தீருமா? வீட்டில் முணுமுணுப்பு இருக்கிறது. என் தம்பி ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிப்பதால் விழாக்காரர்கள் என்னைத் தடுப்பதில்லை. அவன் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருப்பதால் அவன் படம் மட்டும் இதுவரை ஒன்றும் சரியாக அமையவில்லை, அது வேறு விஷயம். எந்த லென்ஸ் வாங்கலாம் என்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகி

பதில்: லென்ஸைப் பிறகு பார்ப்போம். "அது வேறு விஷயம்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு வாருங்கள். தம்பியின் பெயரைச் சொல்லித்தான் உள்ளே போகிறீர்கள். மூன்று வருடமாகப் போகிறீர்கள். பாடகர் படம் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கும். யாரால் அந்த இடம் கிடைத்ததோ அவனுக்கு ஒரு படம் இல்லை. கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் லென்ஸ் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இருட்டு என்கிறீர்கள். இதே காரணத்தைச் சொல்லும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. டிரம்மர் படம் கைவராதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறார்கள். ஒரே இடத்தை விட்டு நகர்வதில்லை. வெளிச்சக் கணக்கைக் கேமராவிடமே விட்டுவிடுகிறார்கள். விளக்குக்காரர், மேடைப் பொறுப்பாளர் என்று யாரிடமும் வாய் திறப்பதில்லை. உங்கள் கலங்கல், புள்ளி, சிவப்பு எல்லாமே அங்கிருந்துதான் வருகின்றன. மேடையிலேயே எடுக்கச் சிரமமான ஆள் உங்கள் தம்பிதான். முன்விளக்கு எட்டாத ஆழத்தில், சிம்பல்களுக்கும் மைக் ஸ்டாண்டுகளுக்கும் பின்னால், கை ஓயாமல் இருப்பவன். அவனை எடுக்கப் பழகிவிட்டால் பாடகர் படம் தானாக வரும்.

மேடை விளிம்பை ஒட்டி நிற்பதை விடுங்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் பாடகரின் காலும், தரையில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளும், டிரம்ஸின் டாம் மேளங்களும் அவன் முகத்தை மறைக்காமல் என்ன செய்யும்? பத்துப் பதினைந்து அடி பின்னால் வாருங்கள். அண்ணாந்து பார்க்கும் கோணம் குறையக் குறைய, அவன் தலையும் தோளும் டாம்களுக்கு மேலே தெரியத் தொடங்கும். ஒலிக் கலவை மேசை இருக்கும் மேடு கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்து, எந்தப் பக்கம் என்று பாருங்கள். வலக்கைப் பழக்கமுள்ள டிரம்மருக்கு ஹை-ஹாட் எனும் ஜோடிச் சிம்பல் அவருடைய இடப்பக்கம் இருக்கும். எதிரே நிற்கும் உங்களுக்கு அது வலப்பக்கம். அந்தப் பக்கமாக ஒதுங்கி, ஹை-ஹாட்டுக்கும் அதை அடுத்த கிராஷ் சிம்பலுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும், அதன் வழியாகப் பாருங்கள். அரை அடி நகர்ந்தாலே அந்தச் சந்து திறக்கும், மூடும். ஸ்டாண்ட் ஒன்று மூக்கை வெட்டுகிறது என்றால் இன்னும் அரை அடி நகருங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் "பின்னால் இருக்கிறான்" என்று குறை சொல்லிப் பயனில்லை.

சின்ன விழாக்களில் மேடையின் பக்கவாட்டில் நிற்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். மேடைப் பொறுப்பாளரிடம் நிகழ்ச்சிக்கு முன்பே கேளுங்கள், நடுவில் போய்க் கையைக் காட்டாதீர்கள். கறுப்பு உடை உடுத்துங்கள். கேபிளை மிதிக்காதீர்கள், வாசிப்பவர்களுக்குக் குறுக்கே போகாதீர்கள். ஃபிளாஷைப் பையிலேயே வைத்துவிடுங்கள். பெரிய கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டுக்கு மட்டும், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சின்ன மேடையில் அப்படி யாரும் சொல்லாமல் போகலாம். ஆனாலும் வாசித்துக்கொண்டிருப்பவன் கண்ணில் ஒளியை அடிப்பது தவறு, சொந்தத் தம்பியானாலும் தவறுதான்.

வெளிச்சக் கணக்குக்கு வருவோம். பின்னணி கறுப்பாக இருந்தால் தானியங்கி அளவீடு ஏமாறும். முழுச் சட்டமும் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பாடகரின் நெற்றி வெளுத்துப்போகும். அதைச் சரிசெய்ய நீங்கள் குறைப்பீர்கள், அந்தக் குறைத்த அளவிலேயே கேமராவைத் தம்பி பக்கம் திருப்புவீர்கள். அவன் காணாமல் போவது அங்கேதான். முன்விளக்கு எல்லாம் பாடகர் மேல் விழுகிறது. டிரம்ஸ் இருக்கும் இடம் அதைவிட இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) இருட்டாக இருப்பது சாதாரணம். பாடகருக்கு ஐஎஸ்ஓ 1600 போதுமென்றால் அவனுக்கு 6400 வேண்டும். மேனுவலுக்கு மாறி, ஸ்பாட் அளவீட்டில் அவன் முகத்தை மட்டும் அளந்து, அந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 6400 என்றதும் பயப்படாதீர்கள். முகத்துக்குச் சரியாக வெளிச்சம் வைத்து எடுத்த 6400 படத்தின் புள்ளிகள் சாதாரண அளவு அச்சில் அவ்வளவாகத் தெரியாது. 1600இல் இருட்டாக ஜேபெக் எடுத்துக் கணினியில் தூக்கிவிடும்போதுதான் நிழல் பகுதியெல்லாம் சிதைகிறது.

ஷட்டர் விஷயத்தில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மைக் முன்னால் நின்று பாடுபவருக்கு 1/200 வினாடி போதும், குதிக்கும் கிட்டார்காரருக்கு 1/400. டிரம்ஸ் குச்சி உறைந்து நிற்க வேண்டுமென்றால் 1/500க்குக் குறையாமல் வையுங்கள். முகம் கூர்மையாகவும் குச்சி மட்டும் விசிறியாகவும் வேண்டுமென்றால் 1/125க்கு இறங்கலாம், ஆனால் அவன் தலை அசையாத நொடியாகப் பார்த்து அழுத்த வேண்டும். ஓங்கிய கை உச்சியில் ஒரு கணம் நின்றுதான் இறங்கும். அந்தக் கணத்தில் அழுத்துங்கள். சிம்பல் சத்தம் காதில் விழுந்த பிறகு அழுத்தினால் கை ஏற்கெனவே கீழே போயிருக்கும், தலையும் குனிந்திருக்கும். பல்லவி திரும்புவதற்கு முந்தைய தாளவட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஃபில், அதாவது டிரம்ஸின் சின்ன உருட்டல் வரும், அது முடியும் இடத்தில் கிராஷ் விழும். ஃபில் தொடங்கியதும் தயாராகி, கை மேலே போகும்போது மூன்று நான்கு படங்கள் தொடர்ந்து எடுங்கள்.

எந்தப் பாட்டில் எங்கே ஃபில் வருகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டிலேயே ஒருவன் இருக்கிறானே, அவனைக் கேட்டிருக்கிறீர்களா? அன்றைக்குப் பாடப்போகும் பாட்டு வரிசை அவனிடம் இருக்கிறது. எந்தப் பாட்டில் தனியாக வாசிக்கிறான், எங்கே பாடகரைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான், எங்கே கண்ணை மூடிக்கொள்வான் எல்லாம் அவனுக்குத் தெரியும். முன்பின் தெரியாத படப்பிடிப்பாளர் ஒருவர் இந்தத் தகவலுக்காகக் குழுவின் பின்னாலேயே அலைய வேண்டியிருக்கும். உங்களுக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும். மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அவன் ஒத்திகைக்குப் போகும்போது கூடப் போங்கள். முதல் அரைமணி நேரம் கேமராவை எடுக்காமல் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். கூடப் பிறந்தவர்கள் ஒருவர் வேலையை இன்னொருவர் கவனித்துப் பார்ப்பது கடமை என்று நினைப்பவன் நான். அவன் உழைப்பு உங்களுக்கு நுழைவுச்சீட்டாக மட்டும் பயன்படக் கூடாது.

ஃபோகஸில் ஒரு வசதி இருக்கிறது. மேடையில் இடம் மாறாத ஒரே ஆள் அவன்தான். ஒலிச் சோதனையின்போது விளக்கெல்லாம் எரியும். நிகழ்ச்சியில் எங்கே நிற்கப் போகிறீர்களோ அங்கே நின்று, அவன் கண்ணில் ஃபோகஸ் வைத்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். 50 மி.மீ. லென்ஸின் வாயை எஃப்2.8இல் (இந்த எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்) வைத்து 5 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் ஏபிஎஸ்-சி கேமராவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் கூர்மையாக இருக்கும். அவன் முன்னும் பின்னும் சாய்வதற்கு அது தாங்கும். ஆட்டோவில்தான் எடுப்பேன் என்றால் ஒற்றைப் புள்ளியையும் தொடர் ஃபோகஸையும் வையுங்கள். பரவலான புள்ளிகளை விட்டால் கேமரா முன்னால் பளபளக்கும் சிம்பல் விளிம்பைத்தான் பிடிக்கும்.

சிவப்பு விளக்குக்குக் காரணம் எளிது. சிவப்பு எல்இடி தனியாக எரியும்போது சென்சாரின் சிவப்புப் பகுதி மட்டும் நிரம்பி வழிகிறது, பச்சையிலும் நீலத்திலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மூக்கு, கன்னம் என்ற வேறுபாடே பதிவதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திறந்து, சிவப்பு வலது சுவரில் முட்டாத அளவுக்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால் பிறகு கறுப்பு-வெள்ளைக்கு மாற்றி முகத்தை மீட்கலாம். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் அது எல்இடியின் துடிப்பு. எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். அப்போதும் போகாவிட்டால் 1/125 அல்லது 1/100க்கு இறங்கிப் பாருங்கள்.

இதையெல்லாம்விடப் பலன் தருவது விளக்குக்காரரிடம் போய்ப் பேசுவது. சின்ன விழாவில் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார். "மூன்றாவது பாட்டில் டிரம்மர் மேல் அரை நிமிடம் வெள்ளையோ இளமஞ்சளோ போட முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கு எடுத்த மேடைப் படங்களில் நல்லதாக இரண்டை மறக்காமல் அவருக்கும் அனுப்புங்கள்.

இப்போது உங்கள் லென்ஸ். தவணை வேண்டாம். 18-55 லென்ஸை 55இல் வைத்தால் அதன் வாய் எஃப்5.6தான். 50 மி.மீ. எஃப்1.8 என்ற சின்ன லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும், அதாவது மூன்று ஸ்டாப்புக்கும் மேல். இன்று 12800 வைக்கும் இடத்தில் 1250 போதும். ஃபுல் ஃபிரேமுக்குத் தாவினால் கிடைக்கும் ஆதாயம் சுமார் ஒரு ஸ்டாப். 70-200 எஃப்2.8 அருமையான லென்ஸ், மறுப்பதற்கில்லை. தூரத்திலிருந்து டிரம்மரை எடுக்க அதைப்போல வசதியானது குறைவு. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கனம், விலையும் அப்படி. பெரிய விழா வந்தால் ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். வீட்டில் முணுமுணுக்கிறார்கள் என்றீர்கள். முணுமுணுப்பவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லாத ஒரு வேலைக்காக அந்த வீட்டின் தலையில் கடன் ஏற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

எடுத்த பிறகு உள்ள வேலையும் பாதி வேலை. ஒரு குழுவுக்கு இருநூறு முந்நூறு படம் எடுத்தாலும் இருபதுக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த இருபதில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் குறைந்தது மூன்று இருக்கட்டும். பாடகர் மட்டுமே நிறைந்த தொகுப்பைக் கையில் வாங்கும்போது பின்வரிசையில் வாசித்தவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். இரண்டு நாளுக்குள் அனுப்புங்கள். இரண்டு இடத்தில் நகல் வைக்கும்வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள். தம்பியின் மூன்றில் ஒன்றை அச்செடுத்து வீட்டில் மாட்டுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. ஸ்பீக்கர் பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்கிறீர்கள், காதுக்கு என்ன செய்கிறீர்கள்? அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபெலுக்கு 8 மணி நேரம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான் கணக்கு. மேடை முன்வரிசையில் 100 தொடுவது சாதாரணம். டிரம்ஸுக்குப் பின்னால் தினமும் ஒத்திகை பார்க்கும் தம்பியின் நிலையை யோசியுங்கள். இசைக்காரர்களுக்கென்றே வரும் காதடைப்பான்கள் இருக்கின்றன. பஞ்சுபோல் எல்லாவற்றையும் அமுக்காமல் சத்தத்தை மட்டும் சீராகக் குறைக்கும். உங்களுக்கு ஒரு ஜோடி, அவனுக்கு ஒரு ஜோடி, லென்ஸ் வாங்கப் போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அவன் போட்டுக்கொள்ள மாட்டேன் என்பான். அக்காவாக நின்று போடவையுங்கள்.