இரண்டு ரூபாய்கள், ஒரு கணக்கு: இந்திய – இலங்கை நாணய மாற்று பற்றிய கேள்வி பதில்

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய மாற்று விகிதங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (கோத்தகிரி): ஐயா, என் தாத்தா 1967 தொடக்கத்தில் நுவரெலியாவிலிருந்து 4,000 ரூபாயுடன் இந்தியா திரும்பினார். அவருடைய தம்பி அதே தொகையுடன் 1978இல் வந்தார். தனக்கு மூன்று மடங்கு கிடைத்ததாகத் தாத்தா பெருமையடித்துக்கொள்கிறார். உண்மையா?

பதில்: பெருமை நியாயமானதே. 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. இலங்கை உடனே பின்தொடரவில்லை. அங்கே டாலர் 4.76லேயே நின்றது. 7.50ஐ 4.76ஆல் வகுத்தால் 1.575. அதாவது, இலங்கையின் ஒரு ரூபாய்க்கு இந்தியாவில் ஒரு ரூபாய் ஐம்பத்தேழரைக் காசு. தாத்தாவின் 4,000 அதிகாரபூர்வ விகிதப்படி 6,300 ரூபாய்.

1978 கதை தலைகீழ். முந்தைய ஆண்டு நவம்பரில் ஜெயவர்தன அரசு நாணயத்தைக் கட்டவிழ்த்துவிட்டதில், டாலர் 16 ரூபாயை ஒட்டிப் போய்விட்டது. இந்தியாவில் அப்போது எட்டு ரூபாய் சொச்சம். தம்பியின் கைக்கு வந்தது சுமார் 2,100. இருவரும் அதே தேயிலை மலையில் பாடுபட்டுச் சேர்த்த பணம்தான். கப்பலேறிய ஆண்டுதான் வேறு.

கேள்வி (மதுரை): 1966க்கு முன் இரண்டும் சமமாக இருந்தது எப்படி? ஏதாவது ஒப்பந்தமா?

பதில்: ஒப்பந்தம் என்பதைவிட ஒரே தொழுவத்தில் கட்டிய இரண்டு மாடுகள் என்பது பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் புழங்கியதே இந்திய வெள்ளி ரூபாய்தான். காப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்து, 1884இல் ஓரியண்டல் வங்கி மூழ்கியபோது அதன் நோட்டுகள் கையில் இருந்தவர்கள் தவித்தார்கள். அதன் பிறகே அரசு நோட்டுகள் வந்தன. அவற்றுக்கும் இந்திய ரூபாயே பின்பலம். பின்னாளில் இரண்டும் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற கணக்கில் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தன. 1949 செப்டம்பரில் பவுண்டு 4.03 டாலரிலிருந்து 2.80க்கு விழுந்தபோது இரண்டும் சேர்ந்தே விழுந்தன. பாகிஸ்தான் மட்டும் மறுத்தது. அதனால் பாகிஸ்தானின் 100 ரூபாய்க்கு இந்தியாவின் 144 ரூபாய் என்றாகி, இரு நாட்டு வணிகமே முடங்கியது. அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை): 1947இல் ஒரு டாலர் ஒரு ரூபாய் என்கிறார்களே?

பதில்: ஆகஸ்டு 15 தோறும் உயிர்த்தெழும் பொய். பவுண்டு 13.33 ரூபாய், அதே பவுண்டு 4.03 டாலர். வகுத்துப் பாருங்கள்: 3.31 ரூபாய்.

கேள்வி (கொழும்பு): 1967 முடிவில் டாலர் 5.95 ரூபாய் என்று படித்தேன். ஆனால் அப்பாவின் கடையில் இருந்த 1968ஆம் ஆண்டு இறக்குமதிக் கணக்கில் 8.57 என்று இருக்கிறது. தவறாக எழுதிவிட்டார்களா?

பதில்: இரண்டும் சரி. இன்று பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 1967 நவம்பரில் பவுண்டு மறுபடியும் இறங்கியதும் இலங்கை தன் ரூபாயை 5.95க்கு இறக்கியது. (இந்தியா இந்தமுறை அசையவில்லை.) 1968 மே மாதம் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்று ஒன்று வந்தது. அரிசி, மாவு, மருந்து போன்றவற்றை இறக்குமதி செய்பவருக்கு டாலர் 5.95தான். மற்றப் பல பொருள்களுக்கு அந்தச் சான்றிதழையும் வாங்க வேண்டும். அதற்கு மேற்கொண்டு 44 விழுக்காடு. 5.95ஐ 1.44ஆல் பெருக்கினால் உங்கள் அப்பாவின் 8.57 வந்துவிடும். பின்னால் அது 55 ஆகி, 65 வரை ஏறியது.

இதில் ஓர் அநியாயம் உண்டு. தேயிலை, ரப்பர், தென்னைப் பொருள்களை விற்று நாட்டுக்கு டாலர் கொண்டுவந்தவர்களுக்கு மலிவான 5.95 விகிதம்தான் கிடைத்தது. பெயரில்லாத வரி என்றுதான் நான் சொல்வேன். இந்தியாவில் டாலர் 7.50. ஆகவே 1968இல் இலங்கை ரூபாய் ஒரு விகிதப்படி இந்திய ரூபாயைவிட உயர்ந்தது, மற்றொன்றின்படி தாழ்ந்தது. எந்த நாள் என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த விகிதம் என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): 1966 மதிப்பிறக்கம் ஒரு புத்தகத்தில் 36.5 விழுக்காடு, இன்னொன்றில் 57.5. எது சரி?

பதில்: ரூபாய் 21 அமெரிக்க சென்டிலிருந்து 13.33க்கு இறங்கியது; அது 36.5. டாலரின் விலை 4.76லிருந்து 7.50க்கு ஏறியது, அது 57.5. மாடிப்படியைக் கீழிருந்தும் மேலிருந்தும் எண்ணுகிறார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): 1977க்குப் பிறகு எங்கள் ரூபாய் இந்திய ரூபாய்க்கு எதிராக இறங்கிக்கொண்டேதான் வந்ததா?

பதில்: இல்லை. 1991 ஜூலை 1, 3 ஆகிய இரண்டு நாள்களில் இந்தியா இரு தவணையாக மதிப்பைக் குறைத்தது. டாலர் 21இலிருந்து 26ஐ எட்டியது. இலங்கையில் அப்போது 41 ரூபாயளவு. அதுவரை சுமார் இரண்டு இலங்கை ரூபாய் பெற்ற இந்திய ரூபாய் 1.60க்கு வந்துவிட்டது. பெரிய சரிவு 2022இல்தான். மார்ச் தொடக்கத்தில் 200ஐ ஒட்டி இருந்த டாலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இந்திய ரூபாய்க்கு 2.70 கொடுத்தவர்கள் இரண்டே மாதத்தில் 4.60க்கு மேல் கொடுத்தார்கள். பிறகு ஓரளவு மீண்டது.

கேள்வி (மீண்டும் கோத்தகிரி): பதிலைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன், ஐயா. "1966 மே மாதமே புறப்படுவதாக இருந்தேன், அப்படி வந்திருந்தால் எவ்வளவு?" என்று கேட்கிறார்.

பதில்: நாலாயிரம். தாமதமாகப் புறப்பட்டதற்கு 2,300 ரூபாய் கூலி என்று சொல்லுங்கள்.