செத்த லிங்க்கைக் கண்டுபிடித்து பேக்லிங்க் பெறுவது எப்படி?

கேள்வி: கணினியில் தமிழ் தட்டச்சு கற்றுக்கொடுக்கும் சிறு தளம் ஒன்றை நடத்துகிறேன். முன்பு பிளாகரில் இருந்தது. இப்போது சொந்த டொமைனில், வேர்ட்பிரஸ்ஸில் இருக்கிறது. கூகுள் தேடலில் மூன்றாம் பக்கத்தைத் தாண்டி முன்னே வரவே இல்லை. பணம் கொடுத்தால் 200 பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. பிற தளங்களில் திறக்காமல் செத்துக் கிடக்கும் லிங்க்குக்குப் பதிலாக நம் லிங்க்கைப் போட வைக்கலாம் என்கிறார்களே, அது பலன் தருமா?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில், அந்த 200 லிங்க்கை வாங்காதீர்கள். தேடல் வரிசையில் முன்னேறக் காசு கொடுத்து லிங்க் வாங்குவதை கூகுள் ஸ்பாம் என்றே சொல்கிறது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் செய்த ‘பெங்குயின்’ அப்டேட் குறிவைத்ததும் இப்படிப்பட்ட லிங்க்குகளைத்தான்.

நீங்கள் கேட்கும் வழி பலன் தரும். மெதுவாகத்தான் தரும், எண்ணிக்கையும் குறைவுதான். ஆனால் உங்கள் துறைக்கு இது நன்றாகவே பொருந்தும். ப்யூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் காணாமல் போய்விட்டன. தமிழ் எழுத்துரு, தட்டச்சு சம்பந்தப்பட்ட பக்கங்கள் பலவும் ஆர்வலர்கள் சொந்த நேரத்தில், இலவச இடங்களில் போட்டு வைத்தவை. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையதளச் சேவை மூடப்பட்டபோது அதிலிருந்த பக்கங்களும் போயின. அவற்றைச் சுட்டும் லிங்க்குகள் பழைய பட்டியல்களில் இன்னும் இருக்கும்.

தேடலை இப்படித் தொடங்குங்கள். கூகுளில் “தமிழ் எழுத்துருக்கள் பயனுள்ள இணைப்புகள்”, “தமிழ் மென்பொருள் பதிவிறக்கம்” என்று தேடினால் கல்லூரித் தமிழ்த்துறைகள், நூலகங்கள், வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிகள், ஆசிரியர்கள் வைத்திருக்கும் பட்டியல் பக்கங்கள் வரும். ஒரு பக்கத்தை மட்டும் சோதிக்க ‘செக் மை லிங்க்ஸ்’ என்ற குரோம் நீட்சி போதும். முழுத் தளத்தையும் பார்க்க ‘ஸ்கிரீமிங் ஃபிராக்’ மென்பொருள். இலவசப் பதிப்பிலேயே 500 முகவரி வரை சோதிக்கலாம். 404 (பக்கம் இல்லை என்ற பதில்) வரும் முகவரி கிடைத்ததும் அதை ‘ஏஹெச்ரெஃப்ஸ்’ தளத்தின் இலவச பேக்லிங்க் சோதனையில் போட்டுப் பாருங்கள். அதே செத்த பக்கத்துக்கு வேறு எந்தெந்தத் தளங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன என்று தெரியும். ஒரு தளம்தான் என்றால் விட்டுவிடலாம். பல தளங்கள் என்றால் அதற்கு உழைக்கலாம்.

கருவிக்குச் சிக்காத செத்த லிங்க்கும் உண்டு. உங்களுக்கு அதுதான் பெரிய வாய்ப்பு என்பேன். கூகுளின் விண்டோஸ் உள்ளீட்டுக் கருவியைப் பதிவிறக்கச் சொல்லும் கட்டுரைகள் தமிழில் ஏராளம். கூகுள் அந்தப் பதிவிறக்கத்தை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. லிங்க்கைத் தட்டினால் ஏதோ ஒரு பக்கம் திறக்கும், அதனால் 404 வராது. தேடி வந்தவருக்கு வேண்டியது மட்டும் அங்கே இருக்காது. இதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. செத்த முகவரியை, பழைய பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் போட்டு, அங்கே முன்பு என்ன இருந்தது, எதற்காக அந்த லிங்க்கைக் கொடுத்தார்கள் என்று படியுங்கள். பலர் இதைச் செய்யாமல் தங்கள் முகப்புப் பக்கத்தை அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று வருந்துகிறார்கள். செத்த பக்கம் எந்தத் தேவையைத் தீர்த்ததோ அதைத் தீர்க்கும் பக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதுங்கள். மேலே சொன்ன கூகுள் கருவிக்குப் பதிலாக, விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் விசைப்பலகையை எப்படி இயக்குவது என்று படங்களோடு விளக்கலாம். 2019 மே அப்டேட்டிலிருந்து ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி தட்டும் ஒலியெழுத்து முறைத் தட்டச்சும் விண்டோஸ் 10-இல் உண்டு. பழைய டிஸ்கி (முன்பு புழங்கிய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை) எழுத்துருப் பக்கம் செத்திருந்தால், அந்தக் கோப்புகளை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் வழியை எழுதுங்கள். பழைய பக்கத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது இன்னொருவர் எழுத்து.

மெயில் எழுதுமுன் அந்தத் தளம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடமாகப் புதுப்பதிவே இல்லாத வலைப்பூவுக்கு எழுதிப் பயனில்லை. மெயில் சுருக்கமாக, ஒரு மனிதர் இன்னொருவருக்கு எழுதுவதுபோல இருக்கட்டும்:

“வணக்கம் ஐயா. உங்கள் ‘தமிழ் மென்பொருள்கள்’ பக்கத்தில் மூன்றாவதாக உள்ள எழுத்துரு லிங்க்கும் ஏழாவது லிங்க்கும் இப்போது திறப்பதில்லை. மூன்றாவதின் பழைய பிரதி வேபேக் மெஷினில் இருக்கிறது, முகவரி கீழே. அதே விஷயத்தை இன்றைய விண்டோஸுக்கு ஏற்ப நானும் எழுதியிருக்கிறேன். பொருத்தமாகத் தோன்றினால் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

உங்களுக்கு லாபமில்லாத ஏழாவது லிங்க்கையும் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்திருக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். எந்தச் சொல்லில் லிங்க் கொடுப்பது என்று நீங்கள் சொல்லாதீர்கள்; அது அவர் விருப்பம். பதிலுக்கு நானும் லிங்க் தருகிறேன் என்று பேரமும் வேண்டாம். பதில் வரவில்லை என்றால் ஓரிரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு சரி. பெரும்பாலான மெயில்களுக்குப் பதில் வராதுதான்.

விக்கிப்பீடியாவில் இதை முயல வேண்டாம். அங்கே வெளி லிங்க்குகளுக்கு 2007 முதல் ‘நோஃபாலோ’ (தேடல் வரிசைக்கு இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறிப்பு) உண்டு. சொந்தத் தளத்தைச் சேர்த்தால் நீக்கிவிடவும் கூடும். செத்த மேற்கோளைக் கண்டால் ஆர்கைவ் முகவரியைச் சேர்த்துவிட்டு வாருங்கள், படிப்பவர்களுக்கு உதவும். காலாவதியான டொமைனை வாங்கி அதன் பழைய லிங்க்குகளை அனுபவிக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். தேடல் வரிசைக்காக அப்படிச் செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பாம் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இன்னொன்று. நீங்கள் பிளாகரிலிருந்து மாறியவர். உங்கள் பழைய பதிவுகளுக்கே லிங்க் கொடுத்தவர்கள் இருக்கலாம். பிளாகர் முகவரி ஆண்டு, மாதம் போட்டு .html என்று முடியும். அந்த முகவரிகள் உங்கள் டொமைனுக்கே வந்து சேர்ந்தாலும், வேர்ட்பிரஸ்ஸில் அதே வடிவம் வைக்காவிட்டால் அவையும் செத்த லிங்க்தான். தளம் நடத்துபவர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 404 பட்டியலைப் பாருங்கள். பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு 301 வழிமாற்றம் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) செய்யுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். பழைய பிளாகர் தளத்தை அழித்துவிடவும் வேண்டாம். யாரிடமும் கேட்காமல் கிடைக்கும் பேக்லிங்க் இவை, இந்த வாரமே இதிலிருந்து தொடங்குங்கள்.