வாசகர் கேள்வி – பதில்: எழுதியதை எங்கே அனுப்புவது? எந்த மேடையில் ஏறுவது?

கேள்வி (கரவெட்டியிலிருந்து ஒரு வாசகி): எனக்கு இருபத்திரண்டு வயது. ஏழெட்டுச் சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் போட்டி முடிவுகள் பத்திரிகையில் வெளியாகும்போதுதான் அப்படியொரு போட்டி நடந்ததே எனக்குத் தெரியவருகிறது. முன்கூட்டியே அறிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: முடிவுகள் வெளியான அந்தப் பத்திரிகைத் துண்டை வீசிவிடாதீர்கள். அடுத்த ஆண்டுப் போட்டிக்கான முதல் அறிவித்தல் அதுதான். நம்மிடையே நடக்கும் சிறுகதை, கவிதைப் போட்டிகள் பல, மறைந்த எழுத்தாளர் ஒருவரின் நினைவாக, அவருடைய குடும்பத்தினரோ நண்பர்களோ பரிசுத் தொகையைப் பொறுப்பேற்க, ஒரு சஞ்சிகையோ சங்கமோ முன்னின்று நடத்துபவை. கொழும்பிலிருந்து வரும் ஞானம் சஞ்சிகை புலோலியூர் க. சதாசிவம் நினைவாக நடத்திய சிறுகதைப் போட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய போட்டிகள் நினைவுதினத்தையோ சஞ்சிகையின் ஆண்டு மலரையோ ஒட்டி வருவதால், ஏறக்குறைய ஒரே காலத்தில் திரும்ப வரும் இயல்புடையவை. ஒரு கொப்பியில் போட்டியின் பெயர், நடத்துபவர், முடிவு வெளியான மாதம் ஆகிய மூன்றையும் எழுதி, முடிவு மாதத்திலிருந்து ஐந்தாறு மாதங்கள் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அறிவித்தல் வந்திருக்கக்கூடிய காலம் கிடைத்துவிடும். ஓராண்டு இப்படிக் குறித்து வந்தால் உங்களுக்கென்று ஒரு நாட்காட்டி உருவாகும். அதை வேறு யாரும் உங்களுக்குச் செய்து தரமாட்டார்கள்.

அடுத்ததாக, உங்கள் பிரதேச செயலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கலாசார உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் இலக்கியப் போட்டிகள் பிரதேச மட்டத்தில் தொடங்கி மாவட்டம், தேசியம் என்று மேலே செல்பவை. பாடசாலை மாணவர்களுக்கு ஒரு பிரிவும் மற்றவர்களுக்குத் திறந்த பிரிவும் உண்டு. இந்த அறிவித்தல் பெரும்பாலும் செயலகத்தின் விளம்பரப் பலகையிலும் பாடசாலைச் சுற்றுநிருபத்திலும் வந்து அங்கேயே தங்கிவிடுகிறது. பாடசாலையை விட்டு வெளியேறியவர்களுக்கு அது எட்டுவதில்லை என்பது எனக்கு நெடுங்காலமாக உள்ள மனக்குறை. உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து, அறிவித்தல் வரும்போது தெரிவிக்குமாறு கேட்டு வைப்பதில் கூச்சமே வேண்டாம். தை மாதத்திலேயே போய்க் கேட்பது நல்லது.

மூன்றாவது வழி, போட்டிக்குக் காத்திராமல் சஞ்சிகைகளுக்கே கதையை அனுப்புவது. இதை நான் மற்ற இரண்டையும் விட முக்கியமாகக் கருதுகிறேன். அல்வாயிலிருந்து க. பரணீதரன் 2007 முதல் நடத்திவரும் ஜீவநதி சஞ்சிகை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருமறைக் கலாமன்றம் என்ற கலை அமைப்பின் கலைமுகம் சஞ்சிகை இருக்கிறது. உதயன், வலம்புரி, வீரகேசரி, தினக்குரல் ஆகிய பத்திரிகைகளின் வாரவெளியீடுகள் இருக்கின்றன. போட்டி ஆண்டுக்கு ஒருமுறை, அதில் வெல்பவரும் ஒருசிலர்; சஞ்சிகையோ இதழுக்கு இதழ் புதிய கதைகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திய மல்லிகையில் முதற்கதையோ முதற்கவிதையோ வெளியாகி எழுத்தாளரானவர்களின் வரிசை நீண்டது. அவர்களுக்குக் கிடைத்தது பரிசு அன்று. தம் எழுத்தைக் கவனித்து வாசித்த ஓர் ஆசிரியரும் காத்திருந்து வாசித்த வாசகர்களும். ஆகவே கதையை அனுப்பும் முன் அந்தச் சஞ்சிகையின் நான்கைந்து இதழ்களையாவது வாசித்துவிடுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு வர வசதிப்படாவிட்டால், 2005 இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற பெயருடைய இணையத்தளத்தில் மல்லிகை, ஞானம், ஜீவநதி ஆகியவற்றின் பழைய இதழ்களைக் காசின்றி வாசிக்கலாம். எவ்வளவு நீளமான கதைகளை அவர்கள் போடுகிறார்கள், எந்த வகை எழுத்துக்கு இடம் தருகிறார்கள் என்பதெல்லாம் அப்போது தானாகவே விளங்கும்.

வெளிநாட்டுப் போட்டிகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இது நம்மவர்கள் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. பொதுநலவாயச் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலேயே கதை அனுப்பலாம். பதினெட்டு வயது நிரம்பிய, பொதுநலவாய நாடொன்றின் குடியுரிமை உள்ள எவரும் பங்குபற்றலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. கதை எங்கும் வெளிவராததாகவும் 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் அமைந்ததாகவும் இருக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் செப்டெம்பரில் திறந்து நவம்பர் 1 இல் முடிந்திருக்கிறது. விண்ணப்பம் இணையவழியாக மட்டுமே. 2021 இல் இலங்கையரான கன்யா டி அல்மேதா, ஆங்கிலத்தில் எழுதிய கதைக்காக, எல்லா நாடுகளுக்கும் பொதுவான முதற்பரிசைப் பெற்றார். தமிழ்க் கதையொன்றும் அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. மாறாக, இந்திய சாகித்திய அகாதமியின் இளம் எழுத்தாளர் விருது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. இவ்வாறு நாட்டுரிமை, வயது, சொல்லளவு ஆகிய மூன்று விதிகளையும் முதலிலேயே பார்த்துவிட்டால் வீண் அலைச்சல் குறையும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். “எங்கும் வெளிவராத ஆக்கம்” என்ற விதி முகநூலுக்கும் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் நான் நடுவராக இருந்த போட்டியொன்றில், மூன்று நடுவர்களும் தனித்தனியே முதலிடம் கொடுத்த கதையை எழுதியவர், நான்கு மாதங்களுக்கு முன்பே அதைத் தம் முகநூற் பக்கத்தில் போட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. விதிப்படி அதை நீக்கினோம். அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. போட்டிக்கு அனுப்ப நினைக்கும் கதையை நண்பர் இருவருக்கு வாசிக்கக் கொடுங்கள், பொதுவெளியில் போடாதீர்கள். ஒரே கதையை ஒரே காலத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்புவதையும் தவிருங்கள். மூன்று மாதம் பொறுத்தும் பதில் வராவிட்டால், ஆசிரியருக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிட்டு வேறிடத்துக்கு அனுப்பலாம்.

கேள்வி (கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்): பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த என் கவிதைகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். வாசிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. என்ன செய்யலாம்?

பதில்: ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றி அனுப்புங்கள். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள், ஏனெனில் கொம்பும் அரவும் இடம் மாறிவிடுவது வழக்கம். வேர்ட் (Word) கோப்பாகவும் பிடிஎப் ஆகவும் இரண்டையும் இணைத்தால் ஆசிரியரின் வேலை எளிதாகும். கைப்பேசியில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பப்படும் கவிதைகளை யாரோ ஒருவர் இருந்து மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. சிறு சஞ்சிகைகளில் அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் ஆசிரியரேதான். போட்டிக்கு அனுப்புகையில் ஆக்கத்தின் எந்தப் பக்கத்திலும் உங்கள் பெயர் வரக்கூடாது என்று விதி இருந்தால், பெயர், முகவரி, சொந்த ஆக்கம் என்ற உறுதிமொழி ஆகியவற்றைத் தனித்தாளில் கொடுங்கள். தபாலில் அனுப்புவதாயின் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கேள்வி (சாவகச்சேரியிலிருந்து ஒரு தந்தை): என் மகளின் கவிதை ஒரு தொகுப்பு நூலுக்குத் தெரிவாகியிருப்பதாக முகநூல் வழியாக அறிவித்தார்கள். நூலில் இடம்பெறவும் சான்றிதழ் பெறவும் பணம் செலுத்த வேண்டும் என்கிறார்கள். மகள் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறாள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம் ஐயா. தெரிவு என்பது பலவற்றுள் சிலவற்றை எடுத்து மற்றவற்றை விடுவது. பணம் கொடுத்த எல்லோருடைய கவிதையும் வரும் நூலில் தெரிவு எதுவும் நடக்கவில்லை. உலக சாதனை என்று பெயர் சூட்டி வழங்கப்படும் சான்றிதழ்களும் பெரும்பாலும் இந்த வகையே. பரிசுக்குரிய நடுவர்கள் யார், சென்ற ஆண்டு வென்றவர் யார், வென்ற ஆக்கத்தை எங்கே வாசிக்கலாம் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நேர்மையாக நடத்துபவர்கள் தயக்கமின்றிப் பதில் சொல்வார்கள்.

உங்கள் மகளின் மகிழ்ச்சியை எப்படிக் கெடுப்பது என்று நீங்கள் தயங்குவதும் எனக்கு விளங்குகிறது. அந்தக் கவிதையை வாரவெளியீடு ஒன்றின் மாணவர் பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாடசாலையில் படிப்பவராயின் தமிழ்மொழித் தினப் போட்டி இருக்கிறது. பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம் கடந்து அகில இலங்கை மட்டம் வரை செல்லும் அப்போட்டிக்கு ஒரு சதமும் செலவில்லை. உரிமை பற்றியும் ஒரு வார்த்தை: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உரியதாகிறது. அதற்குப் பதிவோ கட்டணமோ தேவையில்லை. பதிப்புரிமைச் சான்றிதழ் தருகிறோம் என்று எவரும் பணம் கேட்டால் அதையும் மறுத்துவிடுங்கள். பின்னொரு நாள் உங்கள் மகள் சொந்த நூல் போடும் நிலைக்கு வந்தால், தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையின் நூல் வெளியீட்டு உதவித் திட்டத்துக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பலாம். நூல் வெளிவந்த பின் அரச சாகித்திய விருதுக்கும் வடமாகாணத்தின் சிறந்த நூற்பரிசுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி (இணுவிலிலிருந்து ஒரு வாசகி): வட இலங்கைச் சங்கீத சபையின் ஆசிரியர் தரத்தை வாய்ப்பாட்டில் முடித்துவிட்டேன். அரங்கேற்றம் செய்ய வீட்டில் வசதியில்லை. என்னைப் போன்றவர்களுக்கு மேடை எப்படிக் கிடைக்கும்?

பதில்: தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது மனதைத் தைக்கிறது. இலட்சக்கணக்கில் செலவழித்து மண்டபம் எடுத்து அரங்கேற்றம் செய்தால்தான் ஒருவர் கலைஞர் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருவது நல்லதன்று. சபையின் ஆசிரியர் தரம் தேறியவருக்குரிய கலாவித்தகர் பட்டம், 1931 இலிருந்து இயங்கிவரும் ஒரு நிறுவனம் உங்கள் பயிற்சிக்குக் கொடுத்த சான்று; அதற்கு மேல் அரங்கேற்றம் கட்டாயமில்லை.

முதல் மேடையைக் கோயில்களில் தேடுங்கள். நல்லூர்க் கந்தன் பெருந்திருவிழா 25 நாட்கள் நடைபெறும். அந்நாட்களில் ஆலயச் சூழலிலுள்ள மண்டபங்களில் மாலைதோறும் பண்ணிசையும் இசைக் கச்சேரிகளும் இடம்பெறுகின்றன. நவராத்திரியின் ஒன்பது இரவுகளிலும் ஊர்க் கோயில்கள் இளையவர்களுக்கு அரைமணி நேரமாவது தருகின்றன. இந்த நிகழ்ச்சிகளுக்கான பட்டியல் திருவிழாவுக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிடும். கொடியேறிய பின் கேட்பவருக்கு இடம் இராது. நீங்களும் உங்கள் வயதொத்த ஒரு வயலின் கலைஞரும் ஒரு மிருதங்கக் கலைஞரும் சேர்ந்து நாற்பது நிமிட நிகழ்ச்சி ஒன்றை ஆயத்தம் செய்து, எப்போது கூப்பிட்டாலும் வரக்கூடிய குழுவாக இருங்கள். தனியாகப் பாட இடம் கேட்பவருக்குப் பக்கவாத்தியம் தேடுவது ஏற்பாட்டாளருக்குச் சுமை. குழுவாக வருபவர்களை அவர்கள் விரும்பி அழைப்பார்கள்.

போட்டிகளில் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் விருதுப் போட்டியைப் பற்றி மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். வயதெல்லை உண்டு, ஆகவே தள்ளிப்போட வேண்டாம். வடமாகாணப் பண்பாட்டலுவல்கள் அலகு இளங்கலைஞர் விருதுக்கு விண்ணப்பம் கோரும்போது, இதுவரை பங்குபற்றிய நிகழ்ச்சிகளுக்கு ஆதாரம் கேட்கும். எனவே கோயில் அழைப்பிதழானாலும் பாடசாலை நிகழ்ச்சி நிரலானாலும் உங்கள் பெயர் அச்சான ஒவ்வொரு தாளையும் இன்றிலிருந்தே ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கலைஞர் தெரிவுக்கும் குரலைத் தயார்ப்படுத்துங்கள். வானொலியில் தரம் பெற்ற கலைஞர் என்பதற்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

கேள்வி (இளவாலையிலிருந்து ஒரு வாசகர்): நாடகப் பிரதி ஒன்று எழுதியிருக்கிறேன். நடிக்க ஆட்களும் இருக்கிறார்கள். எங்கே கொடுப்பது?

பதில்: கொடுப்பதற்கு முன் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒருமுறை நடித்துப் பாருங்கள். பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் அரச நாடக விழாவுக்கு முதலில் பிரதியைத்தான் கேட்பார்கள். பிரதி தெரிவாகிய பின்னரே மேடையேற்றம். தாளில் நன்றாக இருந்த உரையாடல் நடிகரின் வாயில் தடுக்குவதை ஒத்திகையில்தான் கண்டுபிடிக்க முடியும், அதைத் திருத்திய பிரதிக்கே தெரிவில் வாய்ப்பு அதிகம்.

பங்குனி 27 உலக அரங்க நாள். அதையொட்டி யாழ்ப்பாணத்தில் அரங்கத் துறையினர் கூடும் நிகழ்வுகளுக்கு உங்கள் குழுவோடு போய் வாருங்கள். 1965 இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்திலும், பல்கலைக்கழகத்தின் நாடகமும் அரங்கியலும் துறையைச் சார்ந்தவர்களிடத்திலும், பிரதியை வாசித்துக் கருத்துச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் குழுவில் எவரேனும் கமராவிலும் ஈடுபாடு உடையவராயின், 2015 இல் ஆரம்பித்த யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவின் குறும்படப் பிரிவையும் கவனித்து வாருங்கள். நாடகத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பினால் அது குறும்படம் ஆகாது. கதையை அதற்கென்று புதிதாகவே எழுத வேண்டியிருக்கும். சனசமூக நிலையத்தில் மேடையேற்றும் நாள் முடிவானதும் எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள், பார்க்க வருகிறேன்.