வீட்டு நர்ஸ் வைக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. வாய்ப் புற்றுநோய். கன்னத்தில் அறுவை செய்து, கதிர்வீச்சும் முடித்து, மூக்கில் குழாயோடு மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாடு, மாத்திரை எல்லாம் குழாய் வழியாகத்தான். வலிக்கு மார்ஃபின் கொடுத்திருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கெல்லாம் வலியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நானும் தூங்கி நாளாயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் கார்டு கொடுத்த ஒருவர், மாதம் 28,000 ரூபாய்க்கு வீட்டு நர்ஸ் அனுப்புவதாகச் சொல்கிறார். 15,000 முன்பணம் கேட்கிறார். நகையை அடகு வைத்தாவது ஆள் வைத்துவிடலாமா? நான் ஏதாவது தப்பாகச் செய்து அவருக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கஷ்டங்கள் இருக்கின்றன. ஒன்று, அவர் தூங்காததால் நீங்களும் தூங்கவில்லை. இன்னொன்று, தப்பு செய்துவிடுவோமோ என்கிற பயம். 28,000 கொடுத்தாலும் இந்த இரண்டும் தீராது. உங்கள் தூக்கம் போய், கூடவே இன்னொரு பெண்ணின் தூக்கமும் போகும். அவ்வளவுதான்.

முதலில் தூக்கம். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள்? ஒன்பது மணிக்கு என்றால் அவர் ஒரு மணிக்கு எழுவதில் ஆச்சரியமே இல்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வந்த பிறகு கொடுக்கிற மருந்து இல்லை இது. வலி வருவதற்கு முன்னால், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. நடுராத்திரி எழுப்பிக் கொடுக்க வேண்டாம் என்பதற்காக, படுக்கும்போது கொடுக்கும் அளவை மருத்துவர் கூட்டி எழுதித் தருவது வழக்கம். உங்கள் சீட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் நாளைக்கே போய்க் கேளுங்கள். நீங்களாகக் கூட்டிக் கொடுக்கக் கூடாது.

இரண்டு விஷயங்களை மட்டும் கையோடு சொல்லிவிடுகிறேன். மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வந்தே தீரும். அதற்கான மருந்தும் தினமும் கூடவே போக வேண்டும். நாலு நாள் வயிறு போகவில்லை என்று மார்ஃபினையே நிறுத்திவிட்டு, வலியில் துடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, குழாயில் போடுவதற்காக நீங்கள் மாத்திரையைப் பொடிப்பீர்கள். சாதாரண மார்ஃபினைப் பொடிக்கலாம். மெதுவாகக் கரையும் வகை ஒன்று இருக்கிறது, அதைப் பொடிக்கவே கூடாது. பன்னிரண்டு மணி நேரத்து மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும். ஒவ்வொரு அட்டையையும் மருந்தாளரிடம் காட்டி, பொடிக்கலாமா கூடாதா என்று கேட்டு அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்கள் யாராவது, மார்ஃபின் கொடுத்தால் கடைசிக் கட்டம் என்று சொல்லியிருப்பார்கள். காதில் வாங்காதீர்கள். எவ்வளவு வலி என்பதை வைத்துத்தான் அந்த மாத்திரை, எவ்வளவு நாள் என்பதை வைத்து இல்லை. இந்த மருந்தை ஆஸ்பத்திரிகள் வாங்கி வைப்பதற்கே 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அத்தனை உரிமங்கள் தேவைப்பட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். அப்படியும் நமக்கெதற்கு வம்பு என்று ஸ்டாக் வைக்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்துங்கள்.

இப்போது பயத்துக்கு வருவோம். டிஸ்சார்ஜ் அன்று என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். பில், சீல், ஆங்கிலத்தில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. சிஸ்டர் ஒரு தடவை குழாயில் கஞ்சி ஊற்றிக் காட்டிவிட்டு, "பார்த்துக்கிட்டீங்கல்ல?" என்று கேட்டிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அந்த சிஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வார்டையே ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறவர் அவர். நோயாளியோடு இருப்பவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் சிகிச்சைதான் என்று நம் ஆஸ்பத்திரிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்களுக்குப் பெயர் 'அட்டெண்டர்'. வேலை, சீட்டு எடுத்துக்கொண்டு ஓடுவது.

முப்பது வருஷம் நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள் என்பதால் கொஞ்சம் உரிமையோடு திட்டுகிறேன். புற்றுநோயாளிகளின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா என்று எம்.எஸ்சி. நர்ஸிங் மாணவிகள் வருஷா வருஷம் ஆய்வு செய்கிறார்கள். பயிற்சிக்கு முன் ஒரு கேள்வித்தாள், பின் ஒரு கேள்வித்தாள். பலன் உண்டு என்று முடிவு வரும். கறுப்பு ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்து அடித்து, நூலக அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். அடுத்த வருஷம் இன்னொருத்தி அதையே மறுபடி கண்டுபிடிப்பாள். நானே எத்தனையோ ஆய்வேடுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பயிற்சி வார்டுக்கு வந்து ஒரு நாளும் நான் பார்க்கவில்லை.

இது நம் ஊர் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் லாரல் நார்த்ஹவுஸ் என்கிற செவிலிய ஆய்வாளர், புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் குடும்பத்தார் பற்றிய 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் எழுதினார். குடும்பத்தாருக்கு விஷயத்தைச் சொல்லி, கைவேலையைப் பழக்கி, மனசு விட்டுப் பேச வைத்தால் அவர்கள் சுமை குறைகிறது, நம்மால் முடியும் என்ற தைரியம் வருகிறது என்பது அதன் சாரம். 2015-ல் வந்த இன்னொரு ஆய்வில் 122 பேர். நர்ஸ் நேரில்கூடப் போகவில்லை, வாரம் ஒரு போன் என்று மூன்று வாரம் பேசினார். அதை உடனே தொடங்கியவர்களுக்கு, மூன்று மாதம் தள்ளித் தொடங்கியவர்களைவிட மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆக, உங்களுக்குத் தேவை கற்றுக்கொடுக்கிற நர்ஸ். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நர்ஸ் இல்லை.

அதனால் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெட்கப்படாமல் இப்படிக் கேளுங்கள்: "சிஸ்டர், நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள்." அவர் செய்து நீங்கள் பார்ப்பது பயிற்சியே இல்லை. தலையணை வைத்துக் கணவரைச் சாய்த்து உட்கார வையுங்கள். மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா பாருங்கள். வடிகட்டிய கஞ்சியை மெதுவாக இறக்கிவிட்டு, கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். அப்புறம் அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது. நடுவில் இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும். சிஸ்டர் முன்னால் மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். வாய்க்கு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து, நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள். விழுங்கக் கூடாது. கொப்பளிக்க முடியாவிட்டால் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிடுங்கள்.

சரி, அந்தக் கார்டு ஆள். இவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.

அவர் அனுப்புகிற பெண் பெரும்பாலும் நர்ஸாக இருக்க மாட்டார். ஜி.என்.எம். படிப்பு மூன்று வருஷம், பி.எஸ்சி. நாலு வருஷம். படித்து முடித்துத் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு எண் வாங்கியவர்தான் நர்ஸ். ஏஜென்சி அனுப்புவது, சில மாத சான்றிதழ் ஒன்றை வாங்கிய, அல்லது அதுவும் இல்லாத, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு ஏழைப் பெண்ணை. உங்கள் 28,000-ல் அவள் கைக்கு எவ்வளவு போகிறது என்று அவளையே தனியாகக் கேட்டுப் பாருங்கள், வயிறு எரியும். பத்தாவது நாள் அவள் சொல்லாமல் போய்விடுவாள், இல்லையென்றால் ஏஜென்சியே அதிக காசு தரும் வீட்டுக்கு மாற்றிவிடும். புது ஆள் வருவாள். நீங்கள் முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பீர்கள். கவனியுங்கள், சொல்லிக் கொடுப்பது நீங்கள்! முன்பணம் திரும்பி வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நர்ஸ் சம்பளத்தை வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். அந்த அட்டை ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு. வாசலில் கார்டு கொடுக்கிறவரை உள்ளிருந்து யாரோ அனுப்பாமல், எந்த நோயாளி எப்போது டிஸ்சார்ஜ் ஆகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் கணவருக்கு மூக்குக் குழாய் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டு இதுவரை சொன்னேன். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயும் வைத்திருந்தால், ஆஸ்பத்திரியில் 'டிராக்கி' என்பார்களே, அப்போது நான் மேலே சொன்னது மாறும். அதில் சளி கட்டிவிட்டால் சில நிமிஷங்களில் மூச்சு நின்றுவிடும். அவரால் கூப்பிடவும் முடியாது, ஏனென்றால் குரல் வராது. கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணி வைக்க வேண்டும். சளி உறிஞ்சுவதும், உள்குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டுவதும் உங்களுக்கோ மகனுக்கோ கை படிகிறவரை, முதல் இரண்டு மூன்று வாரம் இரவுக்கு மட்டும் ஆள் வைப்பது நியாயம். அதுவும் பதிவு எண் உள்ளவராக, ஐ.சி.யு.விலோ காது மூக்கு தொண்டை வார்டிலோ வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். உறிஞ்சும் மிஷின் கரண்டில் ஓடுவதா என்று பாருங்கள். நம் ஊரில் கரண்ட் போகும். காலால் மிதிக்கிற பம்ப் ஒன்று அவசியம். பகலுக்கும் அவரே இருக்கட்டும் என்று ஏஜென்சி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பகல் நீங்கள் கற்றுக்கொள்கிற நேரம். மூன்று வாரத்துக்கு மேல் அவர் தேவைப்பட்டால் உங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்று அர்த்தம்.

காசில்லாமல் வருகிற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டோடு இருக்கும் நோயாளிகளுக்கு வலியையும் தொந்தரவையும் குறைக்கிற நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு, அதற்கென்று செவிலியர் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதியுங்கள். தெரியாது என்று சொன்னால் 104-க்குப் போன் செய்யுங்கள். ஒரு தடவையில் வர மாட்டார்கள். எத்தனை கிராமத்துக்கு ஒரு செவிலியர் என்று போட்டவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது. நீங்கள் விடாமல் கேளுங்கள். வரும்போது அவரிடமும் "நான் செய்கிறேன், பாருங்கள்" என்றே சொல்லுங்கள்.

வாரத்தில் இரண்டு இரவு மகனோ கொழுந்தனோ அவர் பக்கத்தில் படுக்கட்டும். நீங்கள் வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில் தூங்குங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த இரவுகளுக்கு மாத்திரை நேரத்தைத் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்த மூக்குக் குழாய். தூக்கத்தில் அவரே பிடுங்கிக்கொள்வது சகஜம், நடந்தால் பதறாதீர்கள். அறுவையும் கதிர்வீச்சும் பார்த்த தொண்டையில் வீட்டில் வைத்து யாரும் திரும்பக் குழாய் செருகக் கூடாது. நானே வந்தாலும் கூடாது. ஒரு வேளைக் கஞ்சி தவறினால் ஒன்றும் ஆகாது, குழாய் நுரையீரலுக்குள் போனால் ஆகும். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பிடுங்கிய குழாயையும் கழுவி எடுத்துப் போங்கள். எந்த அளவுக் குழாய் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்.