கேமரா படத்தை ஒலியாக மாற்றினால் பார்வையற்றவர் சுற்றுப்புறத்தை உணர முடியுமா?

முடியும், ஆனால் நிறையப் பழக வேண்டும். இதில் பெயர்பெற்றது, நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் மேயர் 1992-ல் விவரித்த ‘தி வாய்ஸ்’ முறை. கேமரா பிடிக்கும் படத்தை அது ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை இடமிருந்து வலமாக வருடிப் போகும். மேலே இருப்பதற்குக் கீச்சென்ற சுருதி, கீழே இருப்பதற்குக் கனத்த சுருதி. வெளிச்சம் கூடினால் சத்தம் கூடும். இருட்டென்றால் ஒன்றும் கேட்காது.

இருண்ட சுவரின் நடுவில் வெளிச்சமான ஜன்னல் என்று வையுங்கள். முதலில் அமைதி, நடுவில் ஓர் இரைச்சல், அப்புறம் மறுபடி அமைதி. வலப்பக்கம் மேலேறும் பளிச்சென்ற படிக்கட்டுக் கைப்பிடி என்றால் சுருதியும் கூடவே ஏறும்.

சரி, சிக்கல் எங்கே? பொருள் எவ்வளவு தூரத்தில் என்பதை இந்த ஒலி நேரடியாகச் சொல்லாது. அதற்கு, காதுக்குக் கேட்காத உயர் சுருதி ஒலியை அனுப்பும் மீயொலிக் கருவிகள்தான் தோது: எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்து, தடை நெருங்க நெருங்க ‘பீப்’ ஒலியை வேகமாக்கும் வகை உண்டு.

காதை அடைக்கும் இயர்போன் மட்டும் வேண்டாம், வண்டிச் சத்தம் போய்விடும். எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்ஃபோன் நல்லது. வெள்ளைக் கோலையும் விட்டுவிடக் கூடாது. காலடிப் பள்ளத்தை அதுதான் நம்பகமாகக் காட்டிக்கொடுக்கும்.